92 பெண்கள்: திண்டுக்கல் சமவெளியில் நடந்த ஓர் ஆய்வின் வரலாறு

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பெண்ணின் அடிவயிற்றில் எந்தப் புற்றுநோய் வந்தாலும் அதற்குக் ‘கர்ப்பப்பை கேன்சர்’ என்று ஒரே பெயர்தான். சினைப்பையில் வந்தாலும் அதுதான், கருப்பைவாயில் வந்தாலும் அதுதான். கதிர்வீச்சு சிகிச்சைக்கும் அப்படி ஒரே சொல் உண்டு: ‘கரண்டு வச்சாங்க.’ இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தன் உடம்பின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர் சொல்லிப் பேச நம் வீடும் பள்ளியும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை. ஆனால் எந்த உறுப்பில் நோய் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையும் மாறுகிறது, பிழைக்கும் வாய்ப்பும் மாறுகிறது. ஆகவே அந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம்.

சினைப்பைப் புற்றுநோய் ஓசையில்லாமல் வளரும். பெரும்பாலான பெண்களுக்கு அது வயிற்றுக்குள் பரவிய பிறகுதான் தெரியவருகிறது. ஒரு காலத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் வயிறு முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பதே இதற்கான முக்கிய சிகிச்சைகளில் ஒன்றாக இருந்தது. இடுப்புப் பகுதிக்கு மட்டும் கொடுப்பதைவிட வயிறு முழுவதற்கும் கொடுத்தால் சில பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1970களின் இறுதியில் டொரன்டோ மருத்துவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டுகளில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்தது. குடலையும் கல்லீரலையும் புண்படுத்தும் வயிற்றுக் கதிர்வீச்சு மெல்லப் பின்னுக்குப் போய், மருந்து சிகிச்சை முன்னால் வந்தது. முன்கூட்டியே கண்டறியும் சோதனை ஏதாவது இந்நோயில் சாவைக் குறைக்குமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். குறைக்கவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோயின் கதை இதற்கு நேர்மாறானது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று நீடித்து, உயிரணுக்கள் உருமாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குள் பார்த்துவிட்டால் சில நிமிட சிகிச்சையில் தடுத்துவிடலாம். புற்றாகிவிட்டாலும் கதிர்வீச்சு இங்கே நன்றாக வேலை செய்யும்; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரேடியத்தை உள்ளே வைத்து இந்நோயைக் குணப்படுத்திய பெண்கள் உண்டு. தடுப்பதற்கு வழி தெரிந்த நோய், குணப்படுத்தவும் வழி தெரிந்த நோய். அப்படியிருந்தும் நம் ஊர்ப் பெண்கள் இதில் செத்துக்கொண்டே இருந்தார்கள் என்றால், காரணத்தை மருத்துவத்துக்கு வெளியிலும் தேட வேண்டும்.

பெண்கள் கட்டிய மருத்துவமனை

தமிழ்நாட்டில் தனிப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறே பெண்கள் தொடங்கிவைத்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை சுந்தராம்பாளை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம், அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் புற்றுநோய் மருத்துவமனைக்காக அலைந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனப்போக்குதான் அன்றைக்கு எங்கும் இருந்தது. இந்திய மாதர் சங்கம் வீடு வீடாகப் பணம் திரட்டியது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1950களின் பிற்பாதியிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கு வந்துவிட்டது.

கருவி வந்தது சென்னைக்கு. பழனி, வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை பக்கத்துப் பெண்ணுக்கு அது ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தது. நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள், வேடசந்தூர் நூற்பாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சுமை ஏற்றுகிறவர்கள், தறியிலும் தோல் ஷெட்டிலும் வேலை செய்கிறவர்கள் என்று உழைக்கும் பெண்களால் நிறைந்த மாவட்டம் இது. வெள்ளைப்படுவதையும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரத்தையும் சூடு என்று சொல்லி மோர் குடித்துச் சமாளிப்பது இங்கே வழக்கம். டாக்டரிடம் போகும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அம்பிளிக்கையில் எண்ணத் தொடங்கினார்கள்

ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையம் 1990களில் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. இந்தியாவில் பெரும்பாலான பதிவேடுகள் நகரங்களைச் சார்ந்தவை. கிராமங்களைக் கணக்கிட்டவை மிகச் சில. அம்பிளிக்கைப் பதிவேடு வெளியிட்ட கணக்கில், பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நின்றது. அன்று உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களோடு வைத்துப் பார்க்க வேண்டிய அளவு அது.

எண்ணியது வீண்போகவில்லை. அதன் அடிப்படையில் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அம்பிளிக்கை மையத்தோடு சேர்ந்து 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஆர். சங்கரநாராயணன் தலைமையில் பி.ஓ. எஸ்மி, ஆர். ராஜ்குமார், ஆர். சுவாமிநாதன், ஜேக்கப் செரியன் உள்ளிட்டோர் இதில் பணிபுரிந்தார்கள்.

சோதனை எளிமையானது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழ வினிகரை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் உருமாறிய பகுதி வெள்ளையாகத் தெரியும். மேல்நாடுகளில் 1940களிலிருந்து வழக்கத்துக்கு வந்த ‘பாப் ஸ்மியர்’ சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், நுண்ணோக்கி பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். வினிகர் சோதனைக்கு ஒரு நர்ஸும் நல்ல வெளிச்சமும் போதும். திண்டுக்கல் ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸுகளே சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு, வந்த அன்றே, உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். ஆண் டாக்டர் முன்னால் கூசும் பெண்கள் பெண் நர்ஸிடம் வந்தார்கள். மருத்துவத்தின் படிநிலையில் கீழே வைக்கப்பட்ட பெண்களின் கைக்கு உயிர் காக்கும் கருவி வந்த அபூர்வமான இடம் இது.

மொத்தம் 114 ஊர்த் தொகுதிகள். குலுக்கல் முறையில் 57 தொகுதிகள் சோதனைக்கும், 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. சோதனைத் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரை 49,311 பெண்கள். அவர்களில் 2000 முதல் 2003 வரை சோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர். ஒப்பீட்டுத் தொகுதிகளில் 30,958 பெண்கள். அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே.

வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வயதில் இளையவர்கள், படித்தவர்கள், கணவரோடு வாழ்கிறவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடுதலாக வந்திருந்தார்கள். இந்தப் பட்டியல் நமக்கு நிறையச் சொல்கிறது. அரசு மருத்துவமனை என்ற வாசலைக் கிராமத்துப் பெண்ணுக்குத் திறந்துவிட்டது பெரும்பாலும் பிரசவமும் கருத்தடையும்தான். பிள்ளை பெறும் வயது முடிந்தபின் அந்த வாசல் அவளுக்கு மூடிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள், கருப்பை இனி எதற்கு என்று எண்ணவைக்கப்பட்டவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். இந்த நோய் அதிகம் தாக்குவதோ அந்த வயதில்தான்.

முடிவு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 2006 வரையிலான கணக்கில், சோதனைத் தொகுதிகளில் 167 பேருக்கு நோய் வந்தது. 83 பேர் இறந்தார்கள். ஒப்பீட்டுத் தொகுதிகளில் 158 பேருக்கு நோய் வந்தது. 92 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் பெண்களின் எண்ணிக்கை சமமில்லை என்பதால் அப்படியே ஒப்பிடக் கூடாது. லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால் என்று கணக்கிட்டால், சோதனைப் பக்கம் சுமார் 30 சாவு, ஒப்பீட்டுப் பக்கம் சுமார் 51 சாவு. வயது முதலானவற்றைச் சரிசெய்த பிறகு ஆய்வாளர்கள் சொன்ன முடிவு: நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. ஒரே ஒரு முறை, ஒரு நர்ஸ், ஒரு குப்பி அமிலம். வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் இது பெரிய செய்தியாக இருந்தது.

ஒப்பீட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள்

வெற்றிக் கதையாக இதை இங்கேயே முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த 92 பேரைக் கடந்து போக முடியாது.

திண்டுக்கல்லில் நடந்தது தனி ஆய்வு அல்ல. மும்பையின் குடிசைப் பகுதிகளிலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களிலும் இதே போன்ற ஆய்வுகள் அந்தக் காலத்தில் நடந்தன. மூன்றிலும் சோதனை செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுக்கள் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் 1,38,624 பெண்கள். அவர்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா இதை ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டார். அவருடைய கட்டுரை 2014-இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் வந்தது. சோதித்தால் சாவு குறையும் என்பது பாப் ஸ்மியர் வரலாற்றிலிருந்தே தெரிந்த செய்தி. தெரிந்த ஒன்றைச் சோதிக்காமல் விட்ட பெண்களின் சாவை எண்ணி நிரூபிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

ஆய்வாளர்கள் பக்கத்துப் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று இந்தியாவில் எந்தக் கிராமத்திலும் பரிசோதனைத் திட்டம் இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் அந்த 57 தொகுதிப் பெண்களுக்கு மட்டுமல்ல, மற்ற 57 தொகுதிகளுக்கும் எதுவும் கிடைத்திராது. வினிகர் சோதனை சாவைக் குறைக்கும் என்பது அதுவரை நிரூபிக்கப்படவில்லை. உஸ்மானாபாத்தில் அதே சோதனை தெளிவான பயன் தரவில்லை என்பது 2009-இல் தெரிந்தது. நிரூபணம் இல்லாமல் அரசு பணம் ஒதுக்காது.

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ‘வழக்கமான மருத்துவ வசதி’ என்ற சொற்றொடரைச் சற்று உற்றுப் பார்ப்போம். அதன் நடைமுறைப் பொருள் ‘ஒன்றுமில்லை’ என்பது. ஏழைப் பெண்ணுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்ற அநீதி, ஆய்வுத் தாளில் ஏறியதும் ஒரு நடுநிலையான அளவுகோலாக மாறிவிடுகிறது. ஸ்டாக்ஹோமிலோ ஹெல்சின்கியிலோ இப்படி ஓர் ஒப்பீட்டுக் குழுவை அன்று அமைத்திருக்க முடியாது, ஏனென்றால் அங்கே வழக்கமான வசதி என்பதே சோதனைதான். வேடசந்தூர்ப் பெண்ணை அந்த இடத்தில் வைக்க முடிந்ததற்குக் காரணம் அவளுடைய வறுமை. சாவு 35 சதவீதம் குறைந்தது என்ற கணக்கை அந்த 92 பேர் மீது வைத்துப் பார்த்தால், சோதனை கிடைத்திருந்தால் சுமார் 32 பேர் அந்த ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்திருப்பார்கள் என்று ஆகிறது. எந்த 32 பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த உறுப்பின் வரலாற்றில் இது முதல் முறையும் அல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1966 முதல் ஒரு மருத்துவர், புற்றுக்கு முந்தைய மாற்றம் கொண்ட பெண்களை முறையாகச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தார். சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்ணியவாதிகள் 1987-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் நடத்திய விசாரணை அந்நாட்டின் நோயாளி உரிமைச் சட்டங்களையே மாற்றியது. நம் டெல்லியில் 1976 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் ஆய்வில், இதே போன்ற மாற்றம் கொண்ட 1,100-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டார்கள். எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கப்படவில்லை என்பது 1997-இல் செய்தியாயிற்று. அங்கே ஆணையம் அமைந்தது. இங்கே சில நாள் செய்தியோடு போயிற்று. திண்டுக்கல் ஆய்வை இவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. இங்கே நோய் கண்ட பெண்ணிடம் அதை மறைத்து வைக்கவில்லை. ஆனால் பெண்ணைக் கேட்காமல் அவள் கருப்பைவாயைக் காத்திருந்து பார்க்கலாம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள இந்த மூன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

திண்டுக்கல் ஆய்வின் பயன் பக்கத்து மாவட்டத்தில் தெரிந்தது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகப் பரிசோதனை தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த எந்தப் பெண்ணும் கேட்டுப் பெறலாம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வாழ்நாளில் ஒருமுறையாவது இச்சோதனை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு நூற்றுக்கு எழுபது.

நோய் கண்டபின் என்ன ஆகிறது என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான். திண்டுக்கல் ஆய்விலேயே புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதத்தினர்தான் சிகிச்சை பெற்றார்கள். அதாவது, இலவசமாகச் சோதித்து, முடிவையும் சொன்ன பிறகும் 500-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. வீட்டில் அனுமதி, கூலி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று ஒரு பெண் கடக்க வேண்டிய படிகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும்.

புற்றாகிவிட்டால் படிகள் இன்னும் கூடும். கருப்பைவாய்க்கான கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம் வெளியிலிருந்து கொடுக்கப்படும். அதன் பின் உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு சில முறை. 1999 முதல் இதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. பிழைப்பவர்கள் அதனால் கூடினார்கள். மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் நோய் அடங்கும் வாய்ப்பு குறைகிறது. ஆக, பிழைப்பு விகிதம் என்று ஆய்வுகள் எழுதும் எண்ணுக்குள் பஸ் கட்டணமும், நாள் கூலியும், மதுரையில் தங்க இடமும், ‘போதும், வீட்டுக்கு வா’ என்று மூன்றாம் வாரத்தில் வரும் போன் அழைப்பும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை யார் ஏற்பது?

பிழைத்து வந்த பெண்ணின் வாழ்க்கையை எந்தக் கணக்கும் முழுதாகச் சொல்வதில்லை. கதிர்வீச்சு சினைப்பைகளை நிறுத்திவிடும். நாற்பது வயதில் மாதவிடாய் முடிந்துபோகும். யோனி சுருங்கி இறுகும், உறவு வலியாகும். சிறுநீர்ப்பையும் குடலும் தொந்தரவு தரும். இவற்றில் பலவற்றுக்கு எளிய பயிற்சியும் மருந்தும் உண்டு. சொல்வதற்கு வாயும் கேட்பதற்குக் காதும் இல்லாததால் அவை பெண்ணைச் சேர்வதில்லை. கணவர் விலகிப் போவதும், ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தட்டு டம்ளரைத் தனியாக வைப்பதும் இன்னும் நடக்கின்றன.

இனி வரும் தலைமுறைக்குத் தடுப்பூசி இருக்கிறது. பள்ளி வயதுச் சிறுமிகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். ஆனால் இன்று 35 வயதில் பூப்பறிக்கிறவளுக்கும், 50 வயதில் நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கும் அது காலம் கடந்த வரவு. அவர்களுக்கு வேண்டியது பரிசோதனை. அம்பிளிக்கையில் எண்ணியதும், நர்ஸுகள் சோதித்துச் சிகிச்சை செய்ததும் அதைத்தான் சாதித்துக் காட்டின. அந்தச் சான்றுக்கு விலை கொடுத்தவர்கள் சோதனை கிடைக்காத 57 தொகுதிப் பெண்கள். அவர்களுக்கு ஊரில் கல்வெட்டு இல்லை, ஆய்வுத் தாளில் பெயர் இல்லை. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்ததும், யார் யார் இன்னும் போகவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்பது. போகாதவரை மறுநாள் கூட்டிக்கொண்டு போவது. விதவை, வயதானவர், ‘எனக்கு எதுக்கு’ என்று சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து தொடங்குவது. 2003-இல் விட்டுப்போனவர்கள் அவர்கள்தான்.